சுவரில் மாட்டிய முதுகு

பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். ‘பயன்பாட்டு அறவியல் மையம்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கீழே பஞ்சர் ஒட்டுகிறவருக்கு அது தர்ம ஆபீஸ். “மேல தர்மம் ஒண்ணும் குடுக்க மாட்டாங்க பெருசு, பேசிட்டுத்தான் அனுப்புவாங்க” என்று பிச்சைக்காரர்களைத் திருப்பிவிடுவார்.

அங்கே என்ன வேலை என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரிந்தமட்டில் சொல்வேன். டாக்டர்கள், காலேஜ் வாத்தியார்கள், பெரிய படிப்பு படிக்கிற பிள்ளைகள் எல்லாம் ஆராய்ச்சி என்று ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் ரத்தம் எடுப்பார்கள், கேள்வி கேட்பார்கள், படம் பிடிப்பார்கள். அப்படிப் போவதற்கு முன்னால் இந்த மையத்தில் வந்து உத்தரவு வாங்க வேண்டும். உத்தரவு கொடுக்கிற குழுவில் படித்தவர்கள் நாலு பேர். அவர்களோடு பொதுஜனத்தில் ஒருத்தர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்த ஒருத்தர் கையெழுத்துப் போடாவிட்டால் எதுவும் நகராது. அந்த ஒருத்தி நான்தான்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ரெட்டிபாளையம் பக்கத்தில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கத்தில் லாரிக்குக் கல் ஏற்றினார். ஊரில் மடத்துச் சிஸ்டர் நடத்திய பால்வாடியில் நான் ஆயாவாக இருந்தேன். அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த சமயம். சிஸ்டர் ஒருநாள் வந்து, “பெரம்பலூர்ல ஒரு கூட்டத்துக்கு அம்மா ஒருத்தங்க வேணுமாம். தமிழ் படிக்கத் தெரியணும், ஆனா பெரிய படிப்பு இருக்கக் கூடாதாம். நான் உங்களச் சொல்லிட்டேன்” என்றார்.

“எனக்குப் பேச வராதுங்க சிஸ்டர்.”

“அதையும் சொல்லிட்டேன். அதான் ரொம்ப நல்லதுன்னாங்க.”

எனக்கு ஆம்பளைகள் இருக்கிற இடத்தில் வாய் திறக்காது. சின்னதிலிருந்தே அப்படி. மாதம் ஒருநாள் பஸ் ஏறிப் போய் அந்த நீள மேஜையின் ஓரத்தில் உட்காருவேன். தலைவி ஒரு பேராசிரியை அம்மா. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார், நல்லவர்தான். அவருக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல். வக்கீலுக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. எறையூர் பக்கம் கரும்பு வெட்டுகிற பெண்களிடம் கருக்கலைந்ததைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று ஒரு பெண் வரும். லாரி டிரைவர்களிடம் ரத்தம் எடுக்க வேண்டும் என்று ஒருவர் வருவார். எல்லாம் பேசி முடித்துத் தலைவியம்மா என் பக்கம் திரும்பி, “அம்மா, உங்களுக்குச் சரிதானே?” என்பார். நான் தலையைக் குனிவேன். “அம்மா சம்மதம்” என்று வக்கீல் சொல்வார். நான் கையெழுத்துப் போடுவேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் தலைவியம்மா ஒரு பாடம் சொல்வார். ஒருத்தர் பேசாமல் நின்றால் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும், புரிந்து சொல்ல வேண்டும் என்பார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “சரிதானே?” என்பார். நான் தலையைக் குனிவேன். அதைச் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்சில் ஜன்னல் சீட்டு, மதியத்துக்குச் சாப்பாடு, ‘அம்மா’ என்று நாலு பேர் கூப்பிடுவது, எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அந்த டாக்டர் வருகிற வரைக்கும்.

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பெண். எனக்கு இல்லாத வாயெல்லாம் சேர்த்து அவளுக்குக் கொடுத்திருந்தார் கடவுள். பத்தாவது முடித்துவிட்டு டைலரிங் கற்றுக்கொண்டாள். பதினேழு வயதில் அவள் முதுகில் வெள்ளைத் திட்டு விழுந்தது. தோள்பட்டையில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் பரவியது. வலி இல்லை, அரிப்பு இல்லை. ரவிக்கை போட்டால் வெளியே தெரியாது. அவளுக்கும் எனக்கும் அவள் அப்பாவுக்கும் மட்டும் தெரியும்.

தொண்ணூற்றேழு வாக்கில் ஊரில் இலவச முகாம் போட்டார்கள். தோல் டாக்டர் வந்தார். அப்போது இளவயசு, சுருட்டை முடி. நான் மகளை மறைத்துக் கூட்டிப்போனேன். கூட்டத்தில் காட்ட மாட்டாள் என்று தெரிந்து, சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே வந்தார். அன்றைக்கு அது எனக்குப் பெரிய மனசாகப் பட்டது. மோர் கொடுத்தேன், குடித்தார். கட்டிலில் மகளைத் திரும்பி உட்காரச் சொன்னார். கேமராவை எடுத்து, “மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும்ல, அதுக்கு ஒரு படம்” என்றார். பளீர் பளீரென்று வெளிச்சம் அடித்தது. சத்தம் கேட்டு மகள் பாதி திரும்பினாள். அப்போதும் ஒன்று எடுத்தார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். ஒரு களிம்பு கொடுத்துவிட்டுப் போனார். மறுபடி அவர் வரவே இல்லை. களிம்பும் தீர்ந்துபோயிற்று.

அடுத்த வருஷம் மகளுக்கு வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு இடம் அமைந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். அவனிடம் மகள் தானே முதுகைப் பற்றிச் சொல்லிவிட்டாள். “அதுக்கென்ன?” என்றானாம். எங்கள் வேதக்காரர் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் எல்லார் முன்னாலும் கேட்பார். முதல் ஞாயிறு வாசித்தார்கள். மகள் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சிரிப்பை அடக்கியது எனக்கு இன்னமும் கண்ணில் நிற்கிறது.

அந்த வாரம் பையனின் அம்மா கண் காட்ட டவுனில் அந்த டாக்டர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அங்கே வராந்தாச் சுவரில், ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்டு, என் மகளின் முதுகு. பாதி திரும்பிய முகத்தில் கண்ணுக்கு மட்டும் கறுப்புப் பட்டை. கீழே எங்கள் ஊர்ப் பெயர், வயது, சுரங்கத் தொழிலாளியின் மகள் என்று எழுத்து. எங்கள் ஊரில் அந்த வயதில் எத்தனை பெண்கள் இருப்பார்கள்?

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள். “சம்பந்தி, வெள்ளை விழுந்ததப் பத்தி நான் பேசல. எம் பையன் சொல்லிட்டான். ஆனா போறவன் வர்றவன், சீட்டு வாங்குறவன், மாத்திரைக்கு நிக்கிறவன் எல்லாம் பாத்த முதுவ நான் எப்புடி மருமவளா கூட்டிட்டுப் போவேன்?” என்றாள்.

இரண்டாவது ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை. மூன்றாவது ஞாயிறும் வாசிக்கவில்லை. அந்த இரண்டு ஞாயிறும் நான் கோயிலில் போய் உட்கார்ந்தேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி உட்காருவது என்னவென்று உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படத்தை எடுக்கச் சொன்னார். காவல்காரன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். பிறகு அவரும் செத்துப்போனார். மகள் வேறு இடம் பார்க்க விடவில்லை. தையல் மிஷினைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்தாள். முதுகு இறக்கி வெட்டச் சொன்னால் மட்டும் தைக்க மாட்டாள்.

நான் தினமும் செபமாலை சொல்வேன். சொல்லும்போது அந்த டாக்டருக்கு ஏதாவது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். இன்ன வியாதி என்று பெயர் சொல்லியே வேண்டுவேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது அதைச் சொன்னதில்லை. வருத்தப்பட்டால்தானே சொல்ல வேண்டும்?

அவர் மையத்துக்கு வந்தபோது முடி நரைத்துத் தொப்பை போட்டிருந்தார். பெரிய டாக்டர் ஆகிவிட்டார், வெளிநாடெல்லாம் போய் வந்தவர் என்று வக்கீல் எழுந்து நின்று கைகுலுக்கினார். சுரங்கத்து ஊர்களில் தோல் வியாதியைப் பற்றிப் புதிதாக ஆராய்ச்சி செய்யப் போகிறாராம், படம் பிடிப்பாராம், டெல்லியில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களாம். எங்கள் ஊர்ப் பெயரும் அதில் இருந்தது. நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார், கும்பிட்டார், அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். என் கையால் வாங்கி மோர் குடித்த மனுஷன்.

“முன்னாடி பண்ண வேலையைக் கொஞ்சம் காட்டுறேன் மேடம்” என்று விளக்கை அணைக்கச் சொன்னார். மெஷினிலிருந்து வெளிச்சம் சுவரில் விழுந்தது. நாலைந்து படம் போயிற்று. பிறகு என் மகளின் முதுகு சுவர் முழுக்க வந்து நின்றது.

“அருமையான படம்” என்றார் வக்கீல்.

“எனக்குப் பேர் வாங்கிக் குடுத்ததே இதுதான் சார். நெறைய புஸ்தகத்துல போட்டிருக்காங்க.”

என் பெண்ணுக்குக் கிடைக்காத பெயர் இவருக்குக் கிடைத்திருக்கிறது. கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். அவன் என்றுதான் நினைத்தேன், இங்கே மரியாதைக்கு அவர் என்று எழுதுகிறேன்.

விளக்கைப் போட்டார்கள். “அம்மா, உங்களுக்குச் சரிதானே?” என்றார் தலைவியம்மா. நான் தலையைக் குனிந்தேன். “அம்மா சம்மதம்” என்றார் வக்கீல். தாள் சுற்றி வந்தது. நான் பேனாவைத் தொடவில்லை.

“இங்க போடணும்மா.”

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“புரியல போலிருக்கு. இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்.” அவர் எனக்காக மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். நான் அசையவில்லை. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பெண்ணுக்காக நான் கோயிலில் உட்கார்ந்த இரண்டு ஞாயிறு நினைவுக்கு வந்தது. இவரும் வரட்டும், உட்காரட்டும், என்ன நடக்கிறதென்று தெரியாமல் முழிக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் சீக்கிரமே வந்துவிட்டார். மாடிப்படிப் பக்கத்து பெஞ்சில் அவரும் நானும்தான். மின்விசிறி இல்லாத இடம் அது, சித்திரை வெயில். பேண்ட்டும் பூட்சும் போட்டு வேர்த்து ஊற்றியது அவருக்கு.

“பாட்டிம்மா, எந்த ஊரு?”

நான் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது நல்ல காரியம் பாட்டிம்மா. சுண்ணாம்புத் தூசில ஜனங்க கஷ்டப்படுறாங்க, அவங்களுக்குத்தான். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். என்ன சந்தேகம்? சொல்லுங்க.”

கீழே பஞ்சர்க்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கினார். குமிழி வருவது பெஞ்சிலிருந்தே தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“காது கேக்காதோ?” என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கினேன்.

அந்தத் தடவையும் நான் கையெழுத்துப் போடவில்லை. டெல்லிப் பணம் திரும்பிப் போய்விடும் என்று அவர் குரல் உயர்த்தினார். தலைவியம்மா தண்ணீர் குடித்தார். விஷயம் சிஸ்டர் காதுக்குப் போய், அவர் பால்வாடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். சிஸ்டருக்கு என் மகள் கதை தெரியும், டாக்டர் யாரென்றுதான் தெரியாது.

“இயேசு எத்தன தடவ மன்னிக்கச் சொன்னாரு?”

“அவரு மகள யாரும் படம் புடிக்கல சிஸ்டர்.”

“ஆயா!”

“உள்ளதச் சொன்னேன்.”

“உங்களால ஊர்ல நாலு பேருக்கு மருந்து கிடைக்காமப் போயிடும்.”

“போவட்டும்” என்றேன். அப்படித்தான் சொன்னேன். மூடி மறைக்க இதில் ஒன்றுமில்லை.

மூன்றாவது கூட்டத்தில் தலைவியம்மா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அம்மா, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. பேசாம இருந்தா நாங்க என்னன்னு எழுதறது?” என்றார். நான் சுவரைக் காட்டினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. “படமா? படம் எடுக்குறதுதான் பிரச்சினையா?” நான் தலையசைத்தேன்.

அவர் டாக்டரிடம் திரும்பினார். “அன்னைக்கு ஒரு பொண்ணோட முதுகு காட்டினீங்களே, அதுக்கு அனுமதி வாங்கினீங்களா?”

“அப்பல்லாம் இவ்ளோ சட்டம் கெடையாது மேடம். ஆனா மறைவா ஒண்ணும் எடுக்கல. அந்தப் பொண்ணோட அம்மா கூடவேதான் நின்னாங்க. வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லல.”

நான் எழுந்து நின்றேன். ஆம்பளைகள் இருக்கிற சபையில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

“நாந்தாங்க அந்த அம்மா.”

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். இந்த மூன்று கூட்டத்தில் அப்போதுதான் பார்த்தார் என்று சொல்ல வேண்டும்.

“மருந்துக்குன்னு சொன்னீங்க. ஆஸ்பத்திரிச் செவுத்துல மாட்டுனீங்க. ஓலை வாசிச்ச கல்யாணம் நின்னு போச்சு. எம்மவ இன்னிக்கு வரைக்கும் கூடத்துல மிஷின் ஓட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கா.”

வக்கீல்தான் முதலில் தேறினார். “அம்மா, வருத்தம்தான். ஆனா அப்படிச் சம்பந்தம் இருந்தா நீங்க கூட்டத்துல உக்காரவே கூடாதே. போன வருஷம் என் மச்சான் பையன் வந்தப்ப நான் எழுந்து வெளிய போகல?”

“போனீங்க.”

“அப்ப நீங்க கையெழுத்துப் போடாததும் செல்லாது.”

“செல்லாட்டி போவுதுங்க. அந்தப் படம் மட்டும் செல்லுமா?”

குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே சத்தம் கேட்டது. வக்கீல் பேசினார், டாக்டர் கத்தினார், தலைவியம்மா நிறுத்தி நிறுத்திப் பேசினார். வெகுநேரம் கழித்து அவர் வெளியே வந்தார். கண்ணாடி கையில் இருந்தது.

“உத்தரவு குடுக்கல. அந்தப் படத்துக்கு உங்க பொண்ணுகிட்டக் கேக்கணும்னு முடிவாச்சு. இத்தன நாளா நாங்களும் உங்களக் கேக்கலதான் இல்லம்மா?”

நான் தலையைக் குனியவில்லை. “ஆமாங்க” என்றேன். “அவரையும் கூட்டிக்கிட்டு எங்க ஊருக்கு வாங்க. எம்மவ என்ன சொல்லுவாளோ எனக்குத் தெரியாது.”

அடுத்த வாரம் ஜீப்பில் வந்தார்கள். மகளிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். அரை நாள் மிஷினையே ஓட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, “அந்த மேடம் உள்ள வரட்டும். அவரு வெளிய நிக்கட்டும்” என்றாள்.

நின்றார். எங்கள் தெருவில் மரமில்லை. சிமெண்ட் ஆலைத் தூசி படிந்த ஓட்டுச் சாய்ப்பின் நிழல்கூட அந்த நேரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குழாயடிப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி கூடிவிட்டார்கள். யார் சொன்னார்களோ, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

“யாரு சார் நீங்க, முதுவு டாக்டரா?”

“எம் முதுவயும் ஒரு படம் எடுங்க சார். எங்க வூட்டுக்காரரு திரும்பியே பாக்க மாட்டேங்குறாரு, ஆஸ்பத்திரிச் செவுத்துலயாவது மாட்டி வைங்க.”

“அடி, உன் முதுவுக்குச் செவுரு பத்தாதுடி!”

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?” என்று என்னைத்தான் கேட்டார். எங்கள் வாசலில் தண்ணீர் கேட்ட யாரையும் இல்லை என்று அனுப்பியதில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தபடியே நின்றேன். அசையவில்லை. டிரைவர் ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் ஒரு சோடா வாங்கி வந்தார்.

உள்ளே மகள் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. தலைவியம்மா விவரம் சொன்னார். படத்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டார்.

“எடுத்துடச் சொல்லுங்க. எடுத்து இங்க கொண்டாந்து குடுக்கச் சொல்லுங்க.”

“சரிம்மா. காரணம் எதுவும் எழுதிக்கணுமா?”

“சொல்லணும்னு இருக்கா மேடம்?”

“இல்ல. சொல்ல வேண்டியதில்ல.”

“அப்ப எழுதாதீங்க. வேற எங்கெங்க இருக்குதுன்னு கேளுங்க.”

தலைவியம்மா வாசலுக்கு வந்து கேட்டார். டாக்டர் நாலு ஊர் சொன்னார், இரண்டு வெளிநாடு சொன்னார், பிறகு நிறுத்திவிட்டார். “புஸ்தகத்துல போனதெல்லாம் எனக்கே தெரியாது மேடம். அதத் திருப்பி எடுக்க முடியாது.” தெரு முழுக்கக் கேட்டது. திருப்பி எடுக்க முடியாது என்ற அதற்காகத்தான் நான் அவரை மன்னிக்கவில்லை. இப்போது இதை எழுதும்போதும் ஏதோ ஒரு ஊரில் எவனோ ஒருவன் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பான்.

அன்று சாயங்காலமே படம் வந்தது. ஜீப் தெருவுக்குள் திரும்ப முடியாமல் நின்றது. கோயில் முனையிலிருந்து அவரே, ஆஸ்பத்திரிப் போர்வை சுற்றிய ஆள் உயரச் சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். டிரைவர் கைகொடுக்கப் போனதற்கு, தலைவியம்மா “அவரே கொண்டு வரட்டும்” என்றது என் காதில் விழுந்தது. அந்த அம்மா மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் அதோடு போயிற்று. சட்டத்தை வாசலில் சாய்த்துவிட்டு, அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கதவைச் சாத்தினேன்.

மகள் போர்வையை விலக்கினாள். விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

“என் முதுவ நான் பாத்ததே இல்ல, தெரியுமா?” என்றாள். “நல்லாத்தாம்மா இருக்கு. பால் கொட்டுன மாரி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என்னடி நல்லாருக்கு? உன் வாழ்க்கையே...”

“கத்தாத. படம் நல்லாருக்குன்னேன். அவர நல்லவருன்னா சொன்னேன்?”

சட்டத்தைப் பின்பக்கம் திருப்பி ஆணியைக் கழற்றிப் படத்தை உருவினாள். வெந்நீர் அடுப்பில் அவளே திணித்தாள். கெட்டி அட்டை, சுருண்டு சுருண்டு மெல்ல எரிந்தது. அந்த டாக்டரின் கையாலேயே திணிக்க வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு குறை. அதை வாய்விட்டும் சொன்னேன். அவள் தண்ணீர் கொதித்ததும் விளாவிக்கொண்டு குளிக்கப் போனாள்.

“முதுவு தேச்சு விடட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம்” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.